சிரித்துப் பேசுவதும் திரை விமர்சனம்தான்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். படம் வெளியான சில நாள்களுக்காவது அதைப் பற்றி யாரும் பேசாமல் இருப்பதே நல்லது என்றும், நான்கு பேர் கூடி உட்கார்ந்து கேலி பேசுவதால்தான் தமிழ்த் திரையுலகம் நொடித்துப் போகிறது என்றும் தங்கள் வாசகர் ஒருவர் அண்மையில் இப்பகுதியில் எழுதியிருந்தார். அதை மறுக்கவும், அதையொட்டித் தங்கள் வெள்ளிக்கிழமைத் திரைப்பக்கம் குறித்துச் சில வேண்டுகோள்களை வைக்கவும் இக்கடிதத்தை எழுதுகிறேன்.

அவர் சொல்வது புதிய கோரிக்கை அல்ல. 2024ஆம் ஆண்டின் இறுதியில் தயாரிப்பாளர்கள் தரப்பே, படம் வெளியான முதல் மூன்று நாள்களுக்கு விமர்சனங்களுக்குத் தடை வேண்டும் என்று சென்னை உயர் நீதிமன்றத்தை நாடியது. நீதிமன்றம் இடைக்காலத் தடை விதிக்க மறுத்துவிட்டது. கோடிக்கணக்கில் பணம் போட்டவர்களின் அச்சம் எனக்குப் புரிகிறது. முதல் காட்சி முடிந்து மக்கள் வெளியே வருவதற்குள் வாயிலில் ஒலிவாங்கியை நீட்டுவதும், படத்தையே பார்க்காமல் நடிகரின் உடலையும் நிறத்தையும் நடிகையின் சொந்த வாழ்க்கையையும் ஏசுவதும் விமர்சனம் ஆகா. அவற்றை நானும் வெறுக்கிறேன். ஆனால் காசு கொடுத்துச் சீட்டு வாங்கி, முழுப் படத்தையும் பார்த்துவிட்டு, நண்பர்களோடு அமர்ந்து சிரித்துப் பேசுகிறவர்களையும் அவர்களோடு ஒரே தட்டில் வைப்பதை ஏற்க முடியாது.

கடலூர் மஞ்சக்குப்பம் மைதானத்தை ஒட்டிய டீக்கடை ஒன்றில் ஞாயிறு மாலைகளில் நாங்கள் சிலர் பல ஆண்டுகளாகக் கூடி வருகிறோம். ஓய்வுபெற்ற தமிழாசிரியை ஒருவர், கைப்பேசி பழுதுபார்க்கும் கடை வைத்திருக்கும் இளைஞர் ஒருவர், தேவனாம்பட்டினத்தில் விசைப்படகு வைத்திருக்கும் நண்பர் ஒருவர், இவர்களோடு படச்சுருள் காலம் முடியும் வரை இவ்வூர்த் திரையரங்கு ஒன்றில் ஆபரேட்டராக இருந்த பெரியவரும் உண்டு. எங்கள் பேச்சுக்கு உயிர் அவர்தான். இரண்டாயிரம் அடிச் சுருள் ஒன்று ஓடி முடிய ஏறத்தாழ 22 நிமிடம் ஆகும். திரையின் வலது மேல் மூலையில் ஒரு புள்ளி தோன்றி மறைந்ததும் அடுத்த சுருள் மாட்டிய இரண்டாம் இயந்திரத்தை ஓட விட வேண்டும். இடைப்பட்ட நேரத்தில் சுவரில் இருக்கும் சிறு சதுர ஓட்டை வழியாக அவர் அரங்கைப் பார்த்துக்கொண்டிருப்பார். படத்தைப் பார்த்ததைவிடப் படம் பார்த்தவர்களை அவர் பார்த்ததே அதிகம். எந்தக் காட்சியில் மக்கள் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள், எந்தப் பாட்டில் எழுந்து வெளியே போனார்கள் என்பதெல்லாம் அவர் நினைவில் அப்படியே இருக்கிறது. ஒரு புதுப்படத்தைப் பற்றி அவர் சொன்ன தீர்ப்பு ஒரே வரிதான்: “இந்தப் படம் அம்பது நாள் ஓடுனா கேண்டீன்காரரு மாடி வீடு கட்டிடுவாரு.” நாங்கள் வயிறு வலிக்கச் சிரித்தோம். ஆனால் அந்தப் படத்தின் திரைக்கதை எங்கெங்கே தொய்கிறது என்பதை அந்த வரியைவிடத் தெளிவாக எந்த விமர்சனமும் எனக்குச் சொல்லவில்லை.

எங்கள் பேச்சின் தன்மை விளங்க ஒரு மாலையைச் சற்று விரிவாகச் சொல்ல விரும்புகிறேன். இப்போது வருகிற நகைச்சுவைப் பேய்ப் படங்களைப் பற்றிய பேச்சு அது. “பேய்ப் படத்துக்குப் போனா பேய் மட்டும்தான் சிரிக்குது அண்ணே, நமக்குச் சிரிப்பே வரல” என்று கைப்பேசிக் கடைத் தம்பி ஆரம்பித்தார். உடனே ஆபரேட்டர் அண்ணன், ஸ்ரீதர் இயக்கி 1964இல் வெளியான ‘காதலிக்க நேரமில்லை’ படத்தில் நாகேஷ் கதை சொல்லும் காட்சிக்குப் போய்விட்டார். அந்தக் காட்சியில் பேயும் கிடையாது, இருட்டு மாளிகையும் கிடையாது. கதைக்கு வேண்டிய ஓசைகளையெல்லாம் நாகேஷ் தம் வாயாலேயே எழுப்புகிறார். அச்சம் முழுவதும் அருகில் இருக்கும் டி.எஸ். பாலையாவின் முகத்தில் நடக்கிறது. அந்தப் படம் பிற்காலத்தில் மீண்டும் மீண்டும் திரைக்கு வந்தபோது அதை ஓட்டியவர் அண்ணன். “அந்த சீன் வந்தா சவுண்டை ரெண்டு புள்ளி ஏத்தி வெப்பேன் தம்பி. இல்லன்னா சிரிப்புல வசனம் காணாமப் போயிடும். ஏத்தி வெச்சாலும் பிரயோஜனம் இல்ல, நாகேஷ் வாயத் தொறக்கறதுக்கு முன்னாடியே பாலையா மூஞ்சியப் பாத்துச் சிரிச்சிடுவாங்க” என்றார். அதுவரை அந்தப் படத்தைத் துண்டு துண்டாக மட்டுமே பார்த்திருந்த தம்பி, அந்த வாரம் முழுப் படத்தையும் பார்த்துவிட்டு வந்து சொன்னது இது: “அந்த சீன்ல பேசுறவர விடக் கேக்குறவருக்குத்தான் அண்ணே சம்பளம் கூடக் குடுத்திருக்கணும்.” நகைச்சுவைக் காட்சியில் சிரிப்பை விளைவிப்பது பேசுகிறவர் மட்டுமல்லர், அதை உண்மை என்று நம்பிக் கேட்கிற இன்னொருவரும் அதில் சரிபாதி என்பதை அந்த இளைஞர் எந்தப் புத்தகமும் படிக்காமல் கண்டுகொண்டார். அதன்பின் புதிய படங்களில் கதாநாயகனின் நண்பராக வருகிறவர் தனியாக நின்று கத்தும்போதெல்லாம் “பக்கத்துல ஒரு பாலையா இல்லியே” என்பார். ஒரு வேடிக்கைப் பேச்சு, அறுபது ஆண்டுப் பழமையான ஒரு படத்தை இன்றைய படங்களை அளக்கும் கோலாக ஆக்கிவிட்டது. தங்கள் வாசகர் பழிக்கும் கேலி இதுதான்.

மூன்று நாள் தடை என்ற செய்தி வந்தபோது எங்கள் ஆசிரியை சொன்னதையும் இங்கே எழுத வேண்டும். 1991 தீபாவளிக்குத் ‘தளபதி’யும் ‘குணா’வும் ஒரே நாளில் வெளியாயின. முன்னதற்கு வந்த கூட்டம் பின்னதற்கு வரவில்லை. 2024இல் ‘மஞ்ஞும்மல் பாய்ஸ்’ என்ற மலையாளப் படம் குணாவின் குகையையும் பாடலையும் எடுத்தாண்டது. அதைப் பார்க்கத் தமிழ்நாட்டின் திரையரங்குகள் நிரம்பி வழிந்தன. அதே ஆண்டில் குணாவும் மீண்டும் திரைக்கு வந்தது. “குணாவுக்கு மூணு நாள் தடை பத்தாது, முப்பத்துமூணு வருஷம் தடை கேட்டிருக்கணும்” என்றார் ஆசிரியை. படகுக்கார நண்பருக்குத் தேநீர் புரையேறிவிட்டது. சிரிப்பு அடங்கிய பிறகு யோசித்தால், அதில் தயாரிப்பாளர்களுக்கான பதிலும் இருக்கிறது. முதல் நாள் தீர்ப்பால் கைவிடப்பட்ட ஒரு படத்தைப் பிழைக்க வைத்தது, அதை மறக்காமல் ஆண்டுக்கணக்கில் நண்பர்களிடையே பேசிக்கொண்டும் பாடிக்கொண்டும் இருந்த ரசிகர்களின் வாய்தான். அந்த வாயை மூடச் சொல்வது திரைப்படத்துக்கே கேடு.

எங்களுக்குள் எல்லாவற்றிலும் உடன்பாடு உண்டு என்று எண்ணிவிட வேண்டாம். பி.எஸ். வினோத்ராஜின் ‘கொட்டுக்காளி’யைப் பார்த்துவிட்டு வந்த படகுக்கார நண்பர், பின்னணி இசையே இல்லாமல் ஆட்டோ சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்ததாகவும், சீட்டுக் காசில் பாதியை ஆட்டோக்காரருக்குத் தந்திருக்க வேண்டும் என்றும் முறையிட்டார். பாட்டே இல்லாத ‘அந்த நாள்’ 1954இலேயே வந்துவிட்டது என்றும், அதை இயக்கிய எஸ். பாலசந்தர் பெயர் பெற்ற வீணை வித்வான் என்றும் ஆசிரியை எடுத்துச் சொன்னார். “அவரு வித்வான் டீச்சர், வீட்டுக்குப் போயி வாசிச்சுக்குவாரு. நான் எங்க போறது? எனக்குப் பாட்டு வேணும்” என்றார் நண்பர். எனக்குக் கொட்டுக்காளி பிடித்திருந்தது. அந்தக் குடும்பத்து ஆண்களின் கோபத்துக்கு இசை சேர்த்திருந்தால் அதற்கு ஒரு பெருமை வந்து சேர்ந்திருக்கும். இயக்குநர் அதைத் தரவில்லை என்பதையே அப்படத்தின் நேர்மையாகக் கருதுகிறேன். நண்பர் இன்றுவரை ஒப்புக்கொள்ளவில்லை. ஆனாலும் ‘அந்த நாள்’ படத்தைத் தேடிப் பார்த்துவிட்டார்.

பேச்சினால் கேடு விளைவதே இல்லை என்றும் நான் வாதிடவில்லை. 2024இல் வந்த ‘மெய்யழகன்’ நீளமாக இருக்கிறது என்று முதல் இரண்டு நாள்களில் எழுந்த கூச்சலால், படம் வெளியான பிறகு ஏறத்தாழ 18 நிமிடக் காட்சிகள் நீக்கப்பட்டன. அதை இன்றும் இழப்பாகவே கருதுகிறேன். இரவு முழுவதும் இருவர் பேசித் தீர்க்கிற கதையில் பேச்சைக் குறைத்தால் மிஞ்சுவது என்ன? அந்தக் காலத்தில் நெல்லிக்குப்பம் பக்கம் போகும் கடைசிப் பேருந்தைப் பிடிக்க வேண்டியவர்களுக்காக இரண்டாம் ஆட்டத்தில் தாமே ஒரு பாட்டை விட்டுவிட்டு ஓட்டியதுண்டு என்றும், மறுநாள் யாரேனும் வந்து சண்டை போடுவார்கள் என்றும் ஆபரேட்டர் அண்ணன் சொன்னார். விட்டுப்போன பாட்டுக்காகச் சண்டை போட வந்த ரசிகர்களைத்தான் நாம் மீண்டும் வளர்க்க வேண்டும். ஐந்துக்கு இரண்டரை என்று மதிப்பெண் போடும் விமர்சனத்தாலும், முதல் நாள் வசூல் எத்தனை கோடி என்ற கட்டத்துக்குள் அடைத்த செய்தியாலும் அத்தகைய ரசிகர்கள் உருவாக மாட்டார்கள்.

இவ்வூருக்குத் திரைப்படத்தைப் பற்றிப் பேசத் தனி உரிமையே உண்டு. புதுமைப்பித்தன் 1906இல் பிறந்தது எங்கள் திருப்பாதிரிப்புலியூரில். அவருடைய ‘சிற்றன்னை’ குறுநாவலைத் தழுவித்தான் மகேந்திரன் 1979இல் ‘உதிரிப்பூக்கள்’ படத்தை எடுத்தார். புதுமைப்பித்தனே தம் இறுதிக் காலத்தில் சொந்தமாகப் படக் கம்பெனி தொடங்க முயன்றவர். ‘ராஜமுக்தி’ படத்துக்கு எழுதச் சென்ற புனேயில் காசநோய் முற்றி, 1948இல் மறைந்தார். 1934இல் கடலூரில் பிறந்த ஜெயகாந்தன், தம் ‘உன்னைப்போல் ஒருவன்’ கதையை 1965இல் தாமே படமாக இயக்கினார். அவருடைய ‘சில நேரங்களில் சில மனிதர்கள்’ பீம்சிங்கின் இயக்கத்தில் படமானபோது லட்சுமிக்குச் சிறந்த நடிகைக்கான தேசிய விருது கிடைத்தது. ஆனால் இந்தப் படங்களில் ஒன்றையேனும் பெரிய திரையில் காண எங்கள் இளைஞர்களுக்கு இவ்வூரில் வழியில்லை. பக்கத்தில் புதுச்சேரியில் நிலைமை மேல். அங்கு அரசே ஆண்டுதோறும் இந்தியத் திரைப்பட விழா நடத்துகிறது. 1922இல் அங்கு மறைந்த நாடக ஆசிரியர் சங்கரதாஸ் சுவாமிகளின் பெயரால் சிறந்த தமிழ்ப் படத்துக்கு விருதும் வழங்குகிறது. நாங்களும் பேருந்து ஏறிப் போய்ப் பார்த்துவிட்டு வருகிறோம்.

ஆகவே தங்களிடம் வேண்டுவது இதுதான். வெள்ளிக்கிழமைத் திரைப்பக்கத்தில் மதிப்பெண்ணையும் வசூல் கட்டத்தையும் எடுத்துவிட்டு, அந்த இடத்தில், அந்த வாரப் புதுப்படத்தோடு ஏதேனும் ஒரு வகையில் உறவுள்ள பழைய படம் ஒன்றைப் பற்றி நான்கு பத்தி எழுதச் செய்யுங்கள். கொட்டுக்காளியின் பக்கத்தில் அந்த நாள் இருந்தால் வாசகர்கள் தாமே பேசத் தொடங்குவார்கள். மாதம் ஒருமுறை, ஏதேனும் ஓர் ஊரின் நண்பர் கூட்டம் ஒரு படத்தைப் பற்றிப் பேசியதை, அவர்களின் பேச்சு நடையிலேயே, சிரிப்பையும் சண்டையையும் விலக்காமல் அச்சிடுங்கள். படத்தை முழுவதும் பார்த்தவர்கள் மட்டுமே பேச வேண்டும், யாருடைய உருவத்தையும் சாதியையும் குடும்பத்தையும் இழுக்கக் கூடாது என்ற இரண்டு விதிகள் போதும்.

இன்னொன்றும் உண்டு. கடலூர் நகர அரங்கில் மாதம் ஒரு பழைய படம் திரையிட நாங்கள் ஆயத்தமாக இருக்கிறோம். நாற்காலி போடவும், வந்தவர்களுக்குத் தேநீர் தரவும், படம் முடிந்தபின் பேச்சை நடத்தவும் ஆள்கள் இருக்கிறார்கள். ஆனால் பொது இடத்தில் ஒரு படத்தைத் திரையிட உரிமையாளரின் அனுமதி வேண்டும். அந்த உரிமை யாரிடம் இருக்கிறது என்று தேடிக் கண்டுபிடிப்பதும், எழுதிக் கேட்டுப் பெறுவதும் டீக்கடை நண்பர்களால் ஆகக்கூடியவை அல்ல. அரங்கை வாடகையின்றித் தருமாறு மாநகராட்சியையும், ஓரிரு படங்களுக்கு அனுமதி தருமாறு உரிமையாளர்களையும் தங்கள் நாளிதழின் பெயரால் கேட்டுக் கடிதம் எழுதுமாறு பணிவுடன் வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்,
மஞ்சக்குப்பம், கடலூர்.