ஹூஸ்டனுக்குச் சொன்னது என்ன?

ஆசிரியர் அவர்களுக்கு,

சந்திரனுக்குப் புறப்பட்ட அமெரிக்க விண்கலமான அப்பலோ 13 பற்றி எழுதும்போதெல்லாம் ‘ஹூஸ்டன், நமக்கொரு பிரச்சினை’ என்றே நம் பத்திரிகைகளில் அச்சாகிறது. அது 1995இல் வந்த ஹொலிவூட் படத்தின் வசனம். 1970இல் ஹூஸ்டனிலிருந்த நாசா கட்டுப்பாட்டு மையத்திடம் முதலில் பேசியவர் கலத்தில் இருந்த ஜக் ஸ்விகேர்ட்: ‘இங்கே எங்களுக்கு ஒரு பிரச்சினை ஏற்பட்டது.’ தரையிலிருந்து ‘திரும்பச் சொல்லுங்கள்’ என்றதும் பயணத் தலைவர் ஜிம் லொவெல் அதையே சொல்லி, கலத்துக்கு மின்சாரம் தரும் வழிகளில் ஒன்றான பி மின்தடத்தில் வோல்டேஜ் இறங்கியதையும் சேர்த்தார். படமோ நடந்துவிட்டதை நிகழ்காலமாக்கி, லொவெலின் வாயில் வைத்துவிட்டது.

சரிபார்க்க விரும்புவோர் நாசாவின் உரையாடல் எழுத்துப்படியில் 02 07 55 என்ற இடத்தைப் பார்க்கலாம். அது கடிகார நேரமல்ல. ஏவியதிலிருந்து 2 நாள், 7 மணித்தியாலம், 55 நிமிடம். கொழும்பில் அப்போது ஏப்ரல் 14 காலை 8.38, அமெரிக்காவில் இன்னும் 13ஆம் திகதி இரவு. திகதிக் குழப்பம் இங்கேதான் வருகிறது. எழுத்துப்படியை மட்டும் நம்பவும் கூடாது. இரைச்சலில் தட்டச்சு செய்தவர் சொல்லையோ பேசியவரையோ மாற்றிக் கேட்டிருக்கலாம். ஒலிப்பதிவையும் ஓடவிட்டு ஒப்பிட வேண்டும்.

தமிழில் இன்னொரு சிக்கல். ‘நமக்கு’ என்றால் ஹூஸ்டனும் சேர்ந்துவிடும். கலத்தில் இருந்த மூவருக்கு ‘எங்களுக்கு’தான் பொருத்தம்.

வாசகர்,
வெள்ளவத்தை