செயலாளரின் ஆண்டறிக்கை

தலைவர் அவர்களுக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

கூட்டங்கள் உரிய காலத்தில் நடந்தன. வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் வாசிப்பார். நான் சொல்ல வேண்டியது பெரும்பாலும் செயற்கை மாலைகளைப் பற்றித்தான்.

சென்ற பொதுக்குழு முடிவுப்படி, இவ்வாண்டு எல்லா விழாக்களுக்கும் ஒரே தொகுதி மாலைகளையே மீண்டும் மீண்டும் கட்டினோம். இதழ்கள் பாலியெஸ்டர் துணி, இலைகள் பாலித்தீன், உள்ளே கம்பி. எதுவும் எளிதில் மக்காது. ஒருநாள் கட்டிவிட்டு மறுநாள் குப்பையில் போடுவதாக இருந்தால் இவற்றை வாங்கியே இருக்கக் கூடாது.

முதல் விழாவில் ஒரு பிழை நேர்ந்தது, பொறுப்பு என்னுடையது. மேடையோரம் ஒரு சரம் தொய்ந்து மெழுகுவத்திக்கு மேலே இறங்கியிருந்ததை நான் கவனிக்கவில்லை. இதழின் விளிம்பு சுருண்டு, கறுத்த மணியாகத் திரண்டு, மேசைவிரிப்பில் சொட்டி ஒட்டிக்கொண்டது. அருகிலிருந்த உறுப்பினர் சரத்தை விலக்கியிராவிட்டால் திரைச்சீலையும் பற்றியிருக்கும். பாலியெஸ்டர் சுமார் 260 டிகிரி செல்சியஸில் உருகும். பாலித்தீன் இலைக்கு அதில் பாதிச் சூடே போதும். மெழுகுவத்திச் சுடரோ 1,000 டிகிரியைத் தாண்டும். அன்றிலிருந்து மாலை இருக்கும் இடத்தில் சுடரே இல்லை, எல்.இ.டி. விளக்குகள் மட்டும்தான்.

சரத்தின் நீளத்திலும் ஒரு தெளிவு கிடைத்தது. இடைவெளியை அளந்து அதே நீளத்துக்கு எடுத்துப்போய், கடைசிக் கொக்கிக்கு எட்டாமல் ஏணியில் நின்று தவிப்போம். 10 அடி இடைவெளியில் நடுவே 1 அடி தொங்கவிட 3 அங்குலம் கூடுதலாக வேண்டும். 2 அடி தொங்கவிட ஏறக்குறைய 1 அடி வேண்டும். இதை எழுதி அலமாரிக் கதவில் ஒட்டியிருக்கிறோம்.

வாசலில் வெயில்பட்ட சிவப்புச் சரங்கள் வெளுத்துவிட்டன. அவற்றை இனி உள்ளே, பின்வரிசையில் கட்டலாம்.

பாதுகாப்பதில்தான் இன்னும் குறை இருக்கிறது. நசுங்கிய இதழ்களுக்கு ஆவி காட்டி நிமிர்த்திவிட்டோம். ஆனால் ஈரத்தோடு பெட்டியில் திணித்த சரங்களில் கம்பி துருவேறி, வெள்ளைப் பூக்களில் பழுப்புக் கறை படிந்துவிட்டது. அது போகவே இல்லை. துடைத்து, நிழலில் உலர்த்தி, ஒவ்வொரு சரத்தையும் தனி அட்டையில் சுற்றி வைத்தால் இது நேராது. ஆனால் கட்டுவதற்குத் திரளும் கைகள் அவிழ்க்கும் இரவில் இருப்பதில்லை.

ஆகவே வரும் ஆண்டு ஒவ்வொரு விழாவுக்கும் அவிழ்ப்போர் பட்டியலை இக்கூட்டத்திலேயே எழுதிக்கொள்ள வேண்டுகிறேன். முதல் பெயராக என் பெயரை எழுதியிருக்கிறேன்.

இப்படிக்கு,
செயலாளர்