தீனி கம்பெனியுடையது, தண்ணீர் நம்முடையது

அன்பு மகன் செந்திலுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே கோயம்புத்தூரில் அனைவரும் நலம். கொழிஞ்சாம்பாறையின் ஏப்ரல் வெயிலில் நம் கோழிச் செட்டின் கூரைத் தகரம் எப்படிக் காயும் என்பது எனக்குத் தெரியாததல்ல. கோழிகள் தண்ணீராகக் கழிகின்றன என்று மருமகள்தான் பேச்சுவாக்கில் சொன்னாள், நீயே சொல்லியிருக்கலாம்.

உடனே மருந்துக் கடைக்கு ஓடாதே. அதிகமாகக் குடிப்பதால் எச்சம் நீர்த்துப்போவது ஒரு பக்கம். உள்ளே நடப்பது வேறு. கோழிக்கு வியர்வைச் சுரப்பி கிடையாது. உடம்புச் சூடு 41-42 டிகிரியைத் தாண்டி ஏறாமலிருக்க, வாயைத் திறந்து இளைப்பதும், இரத்தத்தைத் தோலுக்கும் கொண்டைக்கும் திருப்பிவிடுவதும்தான் அதற்குள்ள வழி. அப்படித் திருப்பும்போது பட்டினி கிடப்பது குடல். சத்தை உறிஞ்சும் குடலுறிஞ்சிகள் குட்டையாகிவிடும். குடற்சுவரின் செல்களை நெருக்கிப் பிடித்திருக்கும் இணைப்புகள் தளர்ந்து, குடலுக்குள்ளேயே கிடக்க வேண்டிய கிருமிகளின் நஞ்சு இரத்தத்தில் கசியும். ரத்தக்கழிச்சலும் அந்தச் சமயத்தில் தலைதூக்கலாம். தரையில் பரப்பிய மஞ்சியில் ரத்தம் தென்பட்டால் மட்டும் அன்றைக்கே டாக்டரை அழைத்துவிடு.

தீனிக் கலவை, நமக்குக் கூலி கொடுத்துக் கோழி வளர்க்கச் சொல்லும் கம்பெனியின் கையில் இருக்கிறது. கொழுப்பு செரிக்கும்போது உண்டாகும் சூடு குறைவு என்பதால் மக்காச்சோளத்தில் ஒரு பங்கைக் குறைத்து எண்ணெய் சேர்ப்பது, புரதத்தை அள்ளிப் போடாமல் புரதத்தின் கூறுகளான மெத்தியோனினையும் லைசினையும் அளந்து போடுவது, வெயிலைத் தாங்க உதவும் பீட்டெய்ன், வைட்டமின் ஈ, செலினியம், துத்தநாகம் ஆகியவற்றைக் கூட்டுவது எல்லாம் அவர்கள் ஆலையில் செய்ய வேண்டியவை. கோடைத் தீனி வந்திருக்கிறதா என்று சூப்பர்வைசரிடம் கேள், கேட்பதற்குக் கூச்சப்படாதே. ஆனால் தண்ணீரும் நேரமும் நம் கையில்தான் இருக்கின்றன.

காலை பத்து மணிக்குத் தீனித்தட்டுகளை உயர்த்திக் கட்டிவிட்டு, மாலை ஐந்துக்கு மேல் எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் இறக்கு. இல்லாவிட்டால் ஒன்றின் மேல் ஒன்று ஏறி நசுங்கும். தின்ற தீனியின் சூடு சில மணி நேரம் கழித்தே உச்சத்துக்கு வரும் என்பதால், விடியற்காலையில் விளக்கைப் போட்டுத் தின்னவிடுவதே நல்லது.

நண்பகலில், கோழி கொத்திக் குடிக்கும் நிப்பிள் குழாயின் மேல் புறங்கையை வைத்துப் பார். கை சுட்டால் கோழி வாய் வைக்காது. கடைசி முனையைத் திறந்து, குளிர்ந்த நீர் வரும்வரை வடியவிடு. வெயில் படுகிற குழாய்க்கு ஈரச்சாக்கு சுற்று. தொட்டிக்கு மேல் ஓலை போடு. எலக்ட்ரோலைட் என்னும் உப்புச்சத்துக் கலவையையும் வைட்டமின் சியையும் வெயில் ஏறுவதற்கு முன்பே கொடு. வைட்டமின் சியைக் கோழி தன் உடம்பிலேயே உண்டாக்கிக்கொள்ளும் என்றாலும், இந்த வெயிலுக்கு அது போதாது. புரோபயாட்டிக் கலக்கும் நாளில் தொட்டியில் குளோரின் இருக்கக் கூடாது. இருந்தால், நல்ல கிருமிகளைக் காசு கொடுத்து வாங்கிக் கொல்வதாகத்தான் முடியும். மறுபடியும் சொல்கிறேன், முதலில் தண்ணீரைப் பார்.

தை மாதப் பேட்சில் நீ எடுத்த எடையைக் காட்டுவதற்காகக் கம்பெனிக்காரர்களே மற்றப் பண்ணைக்காரர்களை நம் செட்டுக்கு அழைத்து வந்ததை இங்கே எத்தனை பேரிடம் சொல்லியிருப்பேன்! அப்படிப்பட்ட பிள்ளை இப்போது அப்பாவின் ஃபோனை எடுப்பதில்லை. பகல் முழுவதும் வெறும் டீயோடு செட்டிலேயே கிடக்கிறாயாம். வெயிலில் நிற்கிற மனிதனின் உடம்பும் இரத்தத்தைத் தோலுக்கு அனுப்பிவிட்டு வயிற்றைக் காயத்தான் போடும். காலையில் நீராகாரம் குடி, மதியம் உப்புப் போட்டு மோர் குடி, சோற்றைத் தள்ளிப்போடாதே.

சாவுக் கணக்கையும் வார எடையையும் எழுதி அனுப்பு. குறைந்திருந்தால் குறைந்ததாகவே எழுது. வளர்ப்புக் கூலியில் பிடித்தாலும் பிடிக்கட்டும், சமாளித்துக்கொள்ளலாம். அக்காவிடம் பணத்தைப் பற்றி இன்னும் எதுவும் பேசவில்லை. கேட்க வேண்டியிருந்தால் எனக்குத் தெரிவி. வெள்ளிக்கிழமை காலை வேலந்தாவளம் பஸ்ஸில் புறப்பட்டு வருகிறேன். அதற்குள் குழாய்களைக் கழுவி வை.

அன்புடன்,
அப்பா