பட்டியலில் இருக்கிறார், நேரில் இல்லை

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

அரசு மருத்துவக் காப்பீட்டை ஏற்கும் கண் பரிசோதகர் ஒருவரை அருகிலேயே கண்டுபிடிப்பது எவ்வளவு பெரிய அலைச்சல் என்பதை, நீரிழிவு உள்ள என் தாயாருக்காகத் தேடியபோது உணர்ந்தேன். காப்பீட்டுத் திட்டம் தந்த பட்டியலில் முதல் தொலைபேசி எண் உபயோகத்தில் இல்லை. இரண்டாமவர் இடம் மாறிவிட்டார். மூன்றாவது இடத்தில், வரவேற்பில் இருந்தவர் அட்டையை முன்னும் பின்னும் புரட்டிப் பார்த்துவிட்டு, "இதை இப்போது நாங்கள் எடுப்பதில்லை" என்று மேசைமீது நகர்த்தி வைத்தார்.

நீரிழிவால் வரும் விழித்திரைப் பாதிப்பும் கண் அழுத்த நோயும் தொடக்கத்தில் பெரும்பாலும் எந்த அறிகுறியும் காட்டுவதில்லை என்பதாலேயே, நீரிழிவு உள்ளவர்கள் பொதுவாக ஆண்டுக்கு 1 முறையேனும் கண்ணைப் பரிசோதித்துக்கொள்ள வேண்டும் என்கிறார்கள் மருத்துவர்கள். எங்களுக்கோ தேடுவதிலேயே மாதங்கள் கழிந்தன.

ஒருவழியாக இடம் கிடைத்தபோதுதான், பரிசோதனைக்கு மட்டுமே காப்பீடு, கண்ணாடிக்கும் அதன் சட்டகத்துக்கும் நாமே பணம் கட்ட வேண்டும் என்று தெரிந்தது. (முன்பே கேட்டிருக்க வேண்டும், அது என் தவறு.)

புதிய நோயாளிகளை இக்காப்பீட்டின் கீழ் இப்போது ஏற்பவர் யார், செலவில் எந்தப் பகுதி ஈடுசெய்யப்படும் என்னும் இரண்டு விவரங்களையும் சேர்த்து, பட்டியலை 3 மாதங்களுக்கு 1 முறையாவது சரிபார்த்து வெளியிடுமாறு திட்ட அதிகாரிகளைக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்