‘கடல் சீற்றம்’ என்று எழுதினால் போதாது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். புயல் வரும்போதெல்லாம் நாளிதழில் முதலில் கண்ணில் படுவது காற்றின் வேகம்தான். மணிக்கு 120 கிலோமீட்டர், 140 கிலோமீட்டர் என்று கொட்டை எழுத்தில் இருக்கும். கடலைப் பற்றிக் கடைசிப் பத்தியில், ‘கடல் சீற்றத்துடன் காணப்படும்’ என்று ஒரே ஒரு வரி. முப்பது வருடம் அறிவியல் பாடம் நடத்தியவன் நான். உயிர் போவதும் பிழைப்பதும் பெரும்பாலும் அந்தக் கடைசி வரியில்தான் இருக்கிறது.

சீற்றம் என்றால் அலை பெரிதாக அடிக்கும் என்றுதான் யாருக்கும் தோன்றும். ஆனால் புயலில் கடல் மட்டமே மொத்தமாக ஏறி ஊருக்குள் வரும். அலை அதற்கும் மேலே அடிக்கும்.

போன வாரம் பேத்திக்கு இதைச் செய்து காட்டினேன். நீளமான பிளாஸ்டிக் ட்ரேயில் ஒரு சென்டிமீட்டர் தண்ணீர் ஊற்றி, அதன் மட்டத்தில் பேனாவால் கோடு போட்டோம். ஒரு முனையில் ஹேர் டிரையரைச் சற்றுத் தள்ளிப் பிடித்து ஓடவிட்டேன். (மின்சாரம் என்பதால் பிள்ளைகளைத் தனியாகச் செய்ய விடாதீர்கள்.) எதிர் முனையில் தண்ணீர் கோட்டைத் தாண்டி இரண்டு மில்லிமீட்டர் போல ஏறி, காற்று வீசும்வரை இறங்காமல் நின்றது. அதே காற்றை வாளித் தண்ணீரின் மேல் காட்டியபோது சிற்றலை மட்டும்தான். “ஆழம் இருந்தா தண்ணி அடியில திரும்பிப் போயிடுதா தாத்தா?” என்றாள். அதேதான். கரையோரக் கடல் ஆழமில்லாமல் நெடுந்தூரம் பரந்து கிடந்தால், தள்ளப்பட்ட நீர் திரும்ப வழியின்றிக் குவிகிறது. 1970இல் வங்காள விரிகுடாவின் வடகோடியில் போலா புயல் குறைந்தது 3 லட்சம் பேரைக் கொண்டுபோனதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

காற்று இரண்டு மடங்கு வேகமானால் நீரைத் தள்ளும் விசை நான்கு மடங்காகும். ஆனால் வேகத்தை மட்டும் பார்த்தால் ஏமாந்துபோவோம். அமெரிக்காவின் மிசிசிபி மாநிலக் கடற்கரையில் 1969இல் ஐந்தாம் வகைப் புயலான (காற்றின் வேகத்தை வைத்துப் பிரிக்கும் ஐந்து வகைகளில் மிகக் கடுமையானது) கமீல் கடலை ஏழரை மீட்டர் அளவுக்கு ஏற்றியது. 2005இல் கத்ரீனா மூன்றாம் வகையாக வலுக்குறைந்துதான் கரையைத் தொட்டது. ஆனால் மிக அகலமான புயல் என்பதால் நீர் எட்டு மீட்டரையும் தாண்டியது. ‘கமீலுக்கே இங்கே தண்ணீர் வரவில்லை’ என்று வீட்டிலேயே தங்கிவிட்டவர்கள் மாட்டிக்கொண்டார்கள்.

இப்போது கடலே மேலே வந்துகொண்டிருக்கிறது. 1901 முதல் 2018 வரை உலகக் கடல்மட்டம் சராசரியாக 20 சென்டிமீட்டர் உயர்ந்திருக்கிறது. கடல் சூடாவதால் கடும் புயல்களின் பங்கும் கூடிவருகிறது. தாத்தா காலத்தில் வாசற்படியோடு நின்ற அதே புயல், இன்று வந்தால் படியேறி உள்ளே வரும்.

2013 நவம்பரில் பிலிப்பைன்ஸின் தக்லோபான் நகரம் ஹையான் புயலில் மூழ்கியது. நாடு முழுதும் 6,000 பேருக்கு மேல் இறந்தார்கள். எச்சரிக்கை முன்கூட்டியே வந்திருந்தது. அதிலிருந்த ‘ஸ்டார்ம் சர்ஜ்’ (புயலால் கடல் மட்டம் ஏறுவது) என்ற சொல்தான் பலருக்குப் புரியவில்லை. ‘சுனாமி என்று சொல்லியிருந்தால் ஓடியிருப்போம்’ என்று பிழைத்தவர்கள் பிறகு சொன்னார்கள். அதைப் படித்தபோது நம் ‘கடல் சீற்றம்’தான் என் நினைவுக்கு வந்தது.

அதனால் ஒரு வேண்டுகோள். அடுத்த புயலுக்கு, வானிலைத் துறை கணித்துத் தரும் கடல் ஏற்றத்தின் உயரத்தைத் தலைப்பிலேயே போடுங்கள். ‘கடல் 2 மீட்டர் ஏறி ஊருக்குள் வரலாம்’ என்றே எழுதுங்கள். புயல் கடக்கும் இடத்துக்கு எந்தப் பக்கம் நீர் ஏறும், அது அன்றாடம் கடல் பொங்கும் நேரமா வற்றும் நேரமா என்பதையும் பக்கத்திலேயே கொடுங்கள். படமாகப் போட முடிந்தால், வாசற்கதவு ஒன்றை வரைந்து அதில் தண்ணீர் எதுவரை நிற்கும் என்று கோடு போடுங்கள். அப்புறம், காற்றின் வேகத்தை அதற்குக் கீழே போட்டுக்கொள்ளலாம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற அறிவியல் ஆசிரியர்