காலையில் வந்து மாலையில் திரும்பலாமா?

ஆசிரியர் அவர்களுக்கு,

சென்ற ஞாயிறு தங்கள் பத்திரிகையில், விடுமுறைக்குப் பிள்ளைகளைக் கொழும்பில் எங்கெங்கு கூட்டிப் போகலாம் என்று ஒரு முழுப் பக்கம் வந்திருந்தது. ஆசையோடுதான் வாசிக்கத் தொடங்கினேன். வெளிமாவட்டத்தவர் காலையில் வந்து, தெகிவளை மிருகக்காட்சிசாலை, காலிமுகத்திடல், கல்கிசைக் கடல் மூன்றையும் பார்த்துவிட்டு மாலையிலேயே வீடு திரும்பலாம் என்ற இடத்துக்கு வந்ததும் பத்திரிகையை மடித்து வைத்துவிட்டேன். அதற்குமேல் வாசிக்க மனம் வரவில்லை.

எங்கள் மட்டக்களப்பிலிருந்து கொழும்புக் கோட்டை நிலையத்துக்கு ரயில் பாதை ஏறக்குறைய 350 கிலோமீற்றர். இது தங்களுக்குத் தெரியாததல்ல. இரவுக் கோச்சியில் ஏறினால் ஓர் இரவு முழுக்க இருக்கையில்தான் தூக்கம். போன ஓகஸ்ட் விடுமுறையில் நாங்கள் அப்படித்தான் போனோம். மூத்தவளுக்குப் பதினொரு வயது, சின்னவனுக்கு ஐந்து. விடியப்புறம் இறங்கி, பிள்ளைகளுக்கு முகம் கழுவி உடுப்பு மாற்றும்போதே சின்னவன் களைத்துப் போனான். தெகிவளைக்குப் போய்ச் சேர்ந்தபோது அவனுக்கு நித்திரை. அங்கே நிலம் சமதரையல்ல, ஏற்றமும் இறக்கமும் படிகளும். யானையைக் காட்ட அவன் அப்பாதான் தோளில் சுமந்து ஏறினார். எங்கள் மாமியும் சிறுமியாக இருந்தபோது பள்ளிக்கூடச் சுற்றுலாவில் அங்கே போனவர். மட்டக்களப்புப் பிள்ளைகளுக்கு அந்த இடம் இரண்டு மூன்று தலைமுறைக் கனவு. அதை அரை நாளில் ஓடிப் பார்த்துவிடு என்று எழுத எப்படி மனம் வந்தது?

கடலைப் பற்றி எழுதியிருந்ததுதான் எனக்குப் பெரும் பயத்தைத் தந்தது. ஓகஸ்டில் பிள்ளைகளைக் கல்கிசையில் குளிக்க விடலாமாம். மே முதல் செப்டம்பர் வரை தென்மேல் பருவக்காற்றில் மேற்குக் கரைக் கடல் எவ்வளவு கொந்தளிக்கும் என்பது கொழும்பிலிருந்து எழுதுகிறவர்களுக்குத் தெரிந்திருக்க வேண்டாமா? அந்த மாதங்களில் இங்கே கிழக்குக் கரையில் கச்சான் காற்று அனலாக வீசும், ஆனால் கடல் அமைதியாக இருக்கும். பாசிக்குடாவில் பிள்ளைகள் இடுப்பளவு தண்ணீரில் வெகுதூரம் நடந்து போவார்கள். கார்த்திகை, மார்கழியில் எல்லாம் தலைகீழ். அப்போது எங்கள் கடலில் கால் நனைக்கவே பயம். கல்லடிக் கடலைப் பார்த்து வளர்ந்த பிள்ளை, ஓகஸ்ட் கடல் என்றால் அமைதியான கடல் என்று நம்பிக்கொண்டுதான் கல்கிசையில் இறங்கும். இந்த ஒரு வசனத்தை நம்பி எத்தனை தாய்மார் பிள்ளைகளைக் கூட்டிப் போவார்கள் என்று யோசித்தீர்களா?

காலிமுகத்திடலில் நிழலில்லை என்பதையும் எழுதவில்லை. மதியம் போய்த் தவித்துப்போனோம். அங்கே ஒரு பழைய நினைவுக்கல் இருக்கிறது. ஆளுநர் ஹென்றி வார்ட் 1856 இல் தொடங்கி 1859 இல் முடித்த நடைபாதையை, கொழும்பின் பெண்களுக்கும் பிள்ளைகளுக்குமாகப் பின்வருவோர் பேண வேண்டும் என்று ஆங்கிலத்தில் பொறித்திருக்கிறார்கள். மூத்தவள் எழுத்துக்கூட்டி வாசித்துவிட்டு, “அம்மா, அப்ப இது நமக்கில்லையா?” என்றாள். அந்தக் காலத்து வெள்ளைக்கார ஆளுநர் எழுதியது என்று அவளுக்குச் சொல்லிச் சமாளித்தேன். தங்கள் பக்கத்துக்கு என்ன சொல்லிச் சமாளிப்பது?

எழுதத் தொடங்கிவிட்டேன், மற்றதையும் சொல்லிவிடுகிறேன். எங்கள் ஊர் தங்கள் பத்திரிகையில் பெரிதாக வருவது வெள்ளம் வந்தால்தான். பள்ளி விடுமுறைக்கு இடம் சொல்லும் பக்கத்தில் 1924 இல் கட்டிய கல்லடிப் பாலமும் வராது, பாலமீன்மடு வெளிச்சவீடும் வராது, வாவிக்கரைக் காந்திப் பூங்காவும் வராது. கொழும்பிலிருந்து ஒரு குடும்பம் பிள்ளைகளோடு இங்கே வர நினைத்தால் எதைப் பார்த்து வரும்? தமிழ் அரசகரும மொழியானது 1987 இல். ஆனால் கொழும்பில் நாங்கள் போன ஒரு பொது இடத்தில் மலசலகூடம் எந்தப் பக்கம் என்று காட்டத் தமிழில் ஓர் எழுத்தும் இருக்கவில்லை. சிங்களம் தெரியாத நான், அழுகிற பிள்ளையைக் கையில் பிடித்துக்கொண்டு ஆளுக்காள் சைகை காட்டி நின்றேன். அந்த வெட்கத்தை இன்னும் மறக்கவில்லை. தமிழ்ப் பத்திரிகையாவது இதைக் கேட்கும் என்று அன்றைக்கு நினைத்தேன்.

ஒரு நல்ல நாளும் வாய்த்தது, அதையும் சொல்ல வேண்டும். மறுநாள் விகாரமகாதேவிப் பூங்காவுக்கு மட்டும் போனோம். காலை வெயில் ஏறுமுன் பெரிய மரங்களின் கீழ் பிள்ளைகள் ஓடி விளையாடினார்கள். கட்டிக்கொண்டு போன சோத்துப் பார்சலை அங்கேயே பிரித்துச் சாப்பிட்டோம். உச்சி வெயிலுக்கு, நடந்து போகிற தூரத்திலுள்ள தேசிய நூதனசாலைக்குள் போய்விட்டோம். 1877 இல் திறந்த அந்தக் கட்டடத்தின் உயர்ந்த கூரையின் கீழ் சின்னவன் குளிர்ச்சியாக நடந்து திரிந்தான். ஒரு நாளைக்கு ஓரிடம், அதற்கருகே வெயிலுக்கு ஒதுங்க இன்னோரிடம் என்று வைத்துக்கொண்டால் பிள்ளைகள் தாங்குவார்கள். சித்திரை விடுமுறையானால் கொழும்பில் பின்னேரம் இடியும் மழையும் வரும், வெளிவேலையை மதியத்துக்குள் முடித்துவிட வேண்டும். தூரத்திலிருந்து செலவழித்து வருகிறவர்களுக்கு இப்படி ஒரு பந்தி எழுதியிருந்தால் கும்பிட்டிருப்பேன்.

நான் கேட்பது சின்ன விடயம். இனி இப்படி ஒரு பக்கம் போடும்போது, ஒவ்வோர் இடத்துக்கும் கீழே குடிதண்ணீர், மலசலகூடம், நிழல் உண்டா என்பதையும், அந்த மாதத்தில் கடலில் இறங்கலாமா என்பதையும் இரண்டு வரியில் போடுங்கள். மட்டக்களப்புக்குத் திரும்பும் இரவுக் கோச்சியின் நேரத்தையும் சேர்த்தால் நல்லது. கல்கிசையில் குளிப்பது பற்றிய திருத்தத்தை மட்டும் விடுமுறை தொடங்குமுன், வருகிற ஞாயிறே போட்டுவிடுங்கள்.

இப்படிக்கு,
வாசகி,
கல்லடி, மட்டக்களப்பு.