'சுயநினைவின்றி' என்றால் எது இல்லை?

ஆசிரியர் அவர்களுக்கு,

விபத்துச் செய்திகளில் 'சுயநினைவின்றி' என்று ஒரே சொல்லில் முடித்துவிடுகிறோம். விழித்திருப்பது ஒன்று, உணர்ந்திருப்பது வேறு.

மருத்துவமனையில் அளப்பது வெளியே தெரிவதைத்தான். நினைவு நிலையை அளக்க 1974இல் வந்த கிளாஸ்கோ அளவுகோலில் கண் திறப்புக்கு 4, பேச்சுக்கு 5, அசைவுக்கு 6 என மொத்தம் 15. ஆகக் குறைவு 3. தொண்டையில் குழாய் இருந்தால் பேச்சை அளக்க முடியாது. மலாய் புரியாத பாட்டியிடம் மலாயில் 'கையைத் தூக்குங்கள்' என்றாலும் புள்ளி சரியும். தமிழில் கேட்க ஒருவர் அங்கே நிற்க வேண்டும்.

2006இல் மூளை ஆய்வாளர் ஏட்ரியன் ஓவன் குழு, கண் திறந்தும் எந்தச் சொல்லுக்கும் இணங்காத ஒரு பெண்ணை ஸ்கேனில் வைத்து, டென்னிஸ் ஆடுவதாகக் கற்பனை செய்யச் சொன்னது. நலமானவர்களுக்கு இயங்கும் அதே மூளைப்பகுதி அவருக்கும் இயங்கியது. உள்ளே ஆள் இருக்கிறார் என்றே குழு முடிவுகட்டியது.

மறுபக்கமும் உண்டு. ரப்பர் பால் எடுக்க பால்மரம் வெட்டும் கை பட்டையைச் சீராகச் சீவிக்கொண்டே போகும். மனசு வீட்டுச் செலவில் இருக்கும். கத்தி ஆழமாக இறங்கி மரத்தில் காயம் பட்டால்தான் கவனம் திரும்பும்.

1995இல் தத்துவ அறிஞர் டேவிட் சால்மர்ஸ் 'கடினமான சிக்கல்' என்றது இதற்கும் அப்பால். எந்த நரம்பு எப்போது இயங்குகிறது என்று முழுக்கத் தெரிந்தாலும், புளித்த ரப்பர் பாலின் வாடை ஏன் நமக்கு அப்படி இருக்கிறது என்பது மிச்சம் நிற்கும். (தோட்டத்தில் பால் சேர்க்கும் ஸ்டோர் பக்கம் போனவர்களுக்கு விளக்கவே வேண்டாம், போகாதவர்களுக்கு விளக்க முடியாது.)

செய்தியில் 'கண் திறந்தார், சொன்னதற்கு இணங்கவில்லை' என்று எழுதலாமே.

வாசகர்,
சுங்கை சிப்புட், பேராக்